‘ஃகைஸ்’ என்று மகனுக்குப் பெயர் வைக்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழையைப் பொருளாகக் கொண்ட அரபுப் பெயர் ஒன்றை ஆண் குழந்தைக்கு வைக்க விரும்புகிற பெற்றோரின் கண்ணில் முதலில் படுவது ‘ஃகைஸ்’ என்ற பெயர்தான். ஜோர்டான், இராக், லிபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் இது பழக்கமான பெயர். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அரிதாகவே கேட்கக் கிடைப்பது. அரிதாக இருப்பதால் அதைச் சரிபார்த்துச் சொல்ல அக்கம்பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. இணையத்தில் ஒருவர் தவறாக எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்தெழுத, அந்தத் தவறு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை வந்துவிடுகிறது.

முதல் தவறு எழுத்தில் தொடங்குகிறது. என் தங்கை மகனுக்கு இந்தப் பெயரை வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, எங்கள் பகுதிப் பள்ளிவாசலின் மார்க்க அறிஞரான ஹஸ்ரத் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப் போட்டு அதன் பின்புறத்தில் இரண்டு சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினார். மேலே இருந்த சொல்லில் முதலெழுத்தின் தலையில் ஒரு புள்ளி, கடைசி எழுத்தின் தலையில் மூன்று புள்ளிகள். கீழே இருந்த சொல்லில் முதலெழுத்துக்கு இரண்டு புள்ளிகள், கடைசி எழுத்துக்குப் புள்ளியே இல்லை. “தம்பி, மேலே இருப்பது மழை, கீழே இருப்பது லைலாவைத் தேடி அலைந்த மஜ்னூனுடைய பெயர். தமிழில் எழுதினால் இரண்டும் கைஸ்தான்” என்றார். ‘ஃகைன்’ என்ற எழுத்தில் தொடங்கி மூன்று புள்ளி ‘ஸா’வில் முடிவது மழை, ‘காஃப்’ எழுத்தில் தொடங்கி ‘ஸீன்’ எழுத்தில் முடிவது வேறொரு பழம்பெயர். அந்தக் கைஸ் என்ற பெயரிலும் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நாம் வைக்க நினைத்தது அதுவன்று. இந்தக் கட்டுரையில் குழப்பம் வராமல் இருக்க மழைப் பெயரை ஆய்த எழுத்தோடு ‘ஃகைஸ்’ என்றே எழுதுகிறேன். மாலைத் தொழுகையை ‘மஃரிப்’ என்று எழுதும்போது அந்த ஆய்தம் எந்த ஒலியைக் குறிக்கிறதோ, ஏறத்தாழ அதே தொண்டை ஒலிதான் இங்கே முதலில் வருவது.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. அரபியின் மூன்று புள்ளி ‘ஸா’வை நம் முன்னோர் தகரமாக எழுதினார்கள், ஹதீது, உதுமான் என்பவை அப்படி வந்த வடிவங்கள். இன்று அதையே ஹதீஸ், உஸ்மான் என்று எழுதுகிறோம். பழைய வழக்கைப் பின்பற்றி இந்தப் பெயரை எழுதினால் ‘கைது’ என்றாகிவிடும். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து ‘கைத்’ என்று எழுதினாலும் அதே இடத்தில்தான் போய் நிற்போம். கைது என்ற சொல்லும் அரபியிலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்ததுதான் என்றாலும், அது கைவிலங்கையும் தளையையும் குறிக்கும் வேறொரு சொல்லிலிருந்து பிறந்தது. வகுப்பில் வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது ஒரு பையனுக்கு அது எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். ஸகரத்தில் முடிப்பதே நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது பொருளில் நேரும் தவறு. பெயர்ப் பட்டியல்கள் பலவற்றில் ‘உதவி செய்பவர்’, ‘இரட்சகர்’ என்றெல்லாம் இதற்குப் பொருள் போடுகிறார்கள். அந்தப் பொருள் உரியது ‘ஃகியாஸ்’, ‘ஃகவ்ஸ்’, ‘முஃகீஸ்’ ஆகிய சொற்களுக்கு. அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறப்பவை. இவற்றின் வேரில் நடுவெழுத்து ‘வாவ்’. மழையைக் குறிக்கும் சொல்லின் வேரில் நடுவெழுத்து ‘யா’. வாவ் வேரிலிருந்து வந்த பெயர்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. சூஃபி ஞானி முஹ்யித்தீன் ஆண்டகையைக் கௌது நாயகம் என்று சொல்கிறோமே, கவுஸ் முஹைதீன் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோமே, அந்தக் கௌதும் கவுஸும் இந்த வேர்தான். 14ஆம் நூற்றாண்டில் மொராக்கோப் பயணி இப்னு பதூதா மதுரைக்கு வந்தபோது அங்கே சுல்தானாக இருந்த கியாசுத்தீன் தம்கானியின் பெயரும் இதே வேரில் வந்தது. உமையா கலீஃபாக்கள் காலத்து அரபுக் கவிஞர் அல்அக்தலின் இயற்பெயர் ஃகியாஸ், அவருடைய தந்தையின் பெயர் ஃகவ்ஸ். இரண்டுமே உதவி என்ற பொருளைச் சேர்ந்தவை, மழையைச் சேர்ந்தவை அல்ல.

இரண்டு வேர்களும் ஒலியில் நெருங்கியவை, பொருளிலும் ஒன்றையொன்று தொடுபவை என்பது உண்மைதான். மழைத் தொழுகையில் ஓதும் துஆ (பிரார்த்தனை) ஒன்றில் ‘ஃகைஸன் முஃகீஸன்’, அதாவது துயர் துடைக்கும் மழை, என்று இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் அடுத்தடுத்து வருவதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஒரே பொருளாக இருந்தால் இரண்டையும் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

சரி, மழை என்றால் எந்த மழை? இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். அரபியில் மழைக்குப் பொதுச்சொல் ‘மதர்’. ‘ஃகைஸ்’ என்பது வறண்டு காத்திருந்த நிலத்துக்கு வந்து சேரும் பயன் தரும் மழை. குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் 28ஆம் வசனம், மனிதர்கள் நம்பிக்கை இழந்த பின்னர் மழையை இறக்கி வைப்பவன் இறைவன் என்று சொல்லுமிடத்தில் இந்தச் சொல்லையே ஆள்கிறது. லூத் நபியின் சமூகத்தார் மீது தண்டனையாகப் பொழிந்ததைச் சொல்லும் 26:173 வசனத்தில் வருவது ‘மதர்’. இந்த வேறுபாட்டைக் கேட்டவுடன் சிலர் மறுகோடிக்குப் போய், மதர் என்றாலே சாபம் என்று எழுதிவிடுகிறார்கள். அதுவும் தவறு. 4:102 வசனத்தில் மதர் என்பது பயணத்தில் சிரமம் தரும் சாதாரண மழைதான். வளைகுடா நாடுகளில் மதர் என்று பெயர் தாங்கிய ஆண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

‘குர்ஆனில் புகழப்பட்ட பெயர்’ என்று எழுதுவதும் துல்லியமானதன்று. சொல் குர்ஆனில் இருக்கிறது, ஆளின் பெயராக இல்லை. 57:20 வசனத்தில் மழையால் செழித்த பயிர் உழவரை மகிழ்வித்து, பின்பு மஞ்சளித்துச் சருகாகிவிடுவது இவ்வுலக வாழ்வுக்கு உவமையாகச் சொல்லப்படுகிறது. அங்கேயும் வருவது ஃகைஸ் என்ற சொல்லே. ஒரு சொல் வேதத்தில் இருக்கிறது என்பதற்காக அது பெயராகச் சிறந்துவிடுவதில்லை; பொருள் நல்லதாக இருப்பதே போதுமான காரணம். கொடையாளியை மழையோடு ஒப்பிட்டுப் பாடுவது அரபுக் கவிதையின் பழைய வழக்கம். பாரியைப் பாடிய இடத்தில் மாரியை நினைத்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நபித்தோழரின் பெயர் என்று ஆதாரமில்லாமல் சேர்த்துச் சொல்வதையும் தவிர்க்க வேண்டும். நபிமொழித் தொகுப்புகளான ஹதீஸ் நூல்களைப் படிப்போருக்கு நன்கு அறிமுகமானவர் அபுல் ஃகைஸ். அழிவைத் தரும் ஏழு பெரும்பாவங்கள் பற்றிய நபிமொழியை அபூஹுரைரா அவர்களிடமிருந்து அறிவிப்பவர். அவர் நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினர், இயற்பெயர் ஸாலிம். பரீரா என்ற பெண்ணின் கணவராக ஹதீஸில் வரும் தோழரின் பெயர் முஃகீஸ். அது மேலே சொன்ன வாவ் வேர். அரபு லீகின் பொதுச்செயலாளராக 2016இல் பொறுப்பேற்ற எகிப்தியர் அஹ்மத் அபுல் ஃகைத்தின் பெயரையும் சிலர் மழையோடு சேர்க்கக்கூடும். அது ‘தா’ எழுத்தில் முடிவது, எகிப்தியப் பேச்சில் வயலைக் குறிப்பது. நம் காலத்தில் மழைப் பெயரை உண்மையிலேயே தாங்கியவருக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால், பாக்தாதில் பிறந்த பத்திரிகையாளர் ஃகைஸ் அப்துல் அஹதைச் சொல்லலாம்.

நம்மவர் பழக்கத்தில் முன்னும் பின்னும் ஒட்டுகளைச் சேர்ப்பதும் இங்கே பிழையாகும். ‘அப்துல்’ என்பதற்குப் பின் வர வேண்டியது இறைவனின் திருநாமம். மழைக்கு அடிமை என்று ஒருவரை அழைக்க முடியாது. முஹம்மது ஃகைஸ் என்றோ தந்தை பெயரோடு சேர்த்தோ வைப்பதில் எந்தத் தடையும் இல்லை. ‘லைஸ்’ என்ற பெயரோடு இதைக் குழப்புவோரும் உண்டு. அது சிங்கம், முதலெழுத்து மட்டுமே வேறு.

பெயர் எவ்வளவு பரவலானது என்று சொல்லும் இணைய எண்களை அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் துறை வெளியிடும் பட்டியலில் ஓர் ஆண்டில் 5 குழந்தைகளுக்கேனும் வைக்கப்பட்ட பெயர்களே இடம்பெறும். அதுவும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றும் தனிப்பெயராகவே கணக்கிடப்படும். ஆகவே ஒரே அரபுப் பெயர் மூன்று நான்கு வடிவங்களாகச் சிதறி, உள்ளதைவிட அரிதாகத் தோன்றும். அந்தத் தரவரிசையைக் கொண்டு ஜோர்டான் தலைநகர் அம்மானிலோ நம் காயல்பட்டினத்திலோ எத்தனை ஃகைஸ்கள் இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆங்கிலத்தில் ‘ஜி எச் ஏ ஐ டி எச்’ என்ற ஆறெழுத்து வடிவமே மிகப் பரவலானது. எண் சோதிடத்துக்காக ஓரெழுத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ வேண்டாம். தொடக்கத்திலுள்ள ‘எச்’ போய்விட்டால் தொண்டை ஒலி போய்விடும், இறுதியிலுள்ளது போய்விட்டால் மழையே போய்விடும். அவசரப்படவும் தேவையில்லை. இந்தியாவில் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றாலும், பெயரைப் பின்னர் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. 12 மாதங்கள் வரை கட்டணமின்றியும், அதற்குப் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடும் சேர்க்கலாம். ஏறிய பெயரை மாற்றுவதுதான் பெரும்பாடு. எங்கள் வீட்டில் அந்தப் பத்திரிகையின் பின்புறத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டோம். பதிவு அலுவலகத்தில் தட்டச்சு செய்தவரிடம் ஆறெழுத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, திரையில் சரிபார்த்த பிறகே தங்கை கையெழுத்துப் போட்டாள்.