பிட்சர் டிரேட் வாதங்களில் எண்கள் காலை வாரும் இடங்கள்

ஜூலை கடைசி வாரம் வந்துவிட்டால் மேஜர் லீக் பேஸ்பால் ரசிகர்களுக்குச் சோறு இறங்காது. டிரேடுக்கான கெடு நெருங்கும். எந்த அணி எந்தப் பிட்சரை, அதாவது பந்து வீசுகிறவரை, எடுக்கும், பதிலுக்கு எத்தனை இளம் வீரர்களைக் கொடுக்கும் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குப் போடுவார்கள். ஐபிஎல் ஏலம்போலப் பணத்தைக் கொட்டி ஆளைத் தூக்குவதில்லை இது. பெரும்பாலும் ஆளுக்கு ஆள் மாற்றுவதுதான். போகிறவனுக்காக ஒரு சண்டை, வருகிறவனுக்காக இன்னொரு சண்டை. நானும் பல வருடங்களாக இந்தச் சண்டைகளில் தலையைக் கொடுத்து, அடித்துச் சொன்ன பல விஷயங்களில் மண்ணைக் கவ்வியிருக்கிறேன். எங்கே சறுக்குகிறோம் என்பது இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

முதல் சறுக்கல், வெற்றி-தோல்வி கணக்கை எடுத்து நீட்டுவது. 2024 டிசம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ், சிகாகோ ஒயிட் சாக்ஸிடமிருந்து கேரட் குரோஷே என்ற இடதுகைப் பிட்சரை எடுத்தது. பதிலுக்கு நான்கு இளம் வீரர்களைக் கொடுத்தது. அந்த ஆண்டு குரோஷேவின் கணக்கு 6 வெற்றி, 12 தோல்வி. அதை மட்டும் பார்த்தால் பாஸ்டனுக்கு என்ன கிறுக்கா பிடித்தது என்று கேட்கத் தோன்றும். ஆனால் அவர் வீசிக்கொண்டிருந்தது ஒரே சீசனில் 121 ஆட்டங்களில் தோற்ற அணிக்கு. அவருடைய கையில் இருந்ததைப் பாருங்கள்: 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் போட்டு பேட்டரை வெளியேற்றியது. மறு ஆண்டு பாஸ்டனில் 18-5.

பிட்சர் பெயரில் ஒரு வெற்றி ஏற வேண்டுமானால், தொடக்கப் பிட்சர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் குறைந்தது ஐந்தை வீசியிருக்க வேண்டும். அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும். பிறகு வருகிறவர்கள் அந்த முன்னிலையைக் கோட்டைவிடாமலும் இருக்க வேண்டும். இதில் எத்தனை விஷயம் அவர் கையில் இருக்கிறது? நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 2018-ல் 1.70 இ.ஆர்.ஏ.வோடு (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) வீசியும் 10-9தான். சியாட்டிலின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 2010-ல் 13-12. இருவருக்குமே அந்தந்த ஆண்டில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கிடைத்தது. விருது கொடுக்கும் பத்திரிகையாளர்களே வெற்றிக் கணக்கைக் கைவிட்டுவிட்டார்கள். ரசிகர்கள் மட்டும் இன்னும் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

சரி, அடுத்து எல்லோரும் தாவுவது இ.ஆர்.ஏ.வுக்கு. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்பதுதான் இந்தக் கணக்கு. ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்னைக் கழித்துவிடுவார்கள். கிரிக்கெட் பவுலரின் எகானமியைப் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும். தொல்லை என்னவென்றால் ஜூலையில் கையில் இருக்கும் இன்னிங்ஸ் கொஞ்சம்தான். ஒருவர் 60 இன்னிங்ஸில் 20 ரன் கொடுத்திருக்கிறார் என்று வையுங்கள். இ.ஆர்.ஏ. சரியாக 3.00. அடுத்த நாள் ஒரே ஒரு இன்னிங்ஸில் ஏழு ரன் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். 61 இன்னிங்ஸ், 27 ரன், இ.ஆர்.ஏ. 3.98. நேற்று வரை நட்சத்திரம், இன்று சராசரி ஆள். இருபது நிமிட ஆட்டத்தில் அவர் கை மாறிவிடவில்லை. இதனால்தான் பின்வரிசைப் பிட்சர்களை, அதாவது கடைசி ஓரிரு இன்னிங்ஸ் மட்டும் வீசுகிறவர்களை, ஜூலை இ.ஆர்.ஏ.வை வைத்து வாதிட நான் போவதே இல்லை. அவர்களிடம் 60 இன்னிங்ஸ்கூட இருக்காது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆர்வலர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு பேஸ்பால் உலகையே கொஞ்சம் உலுக்கியது. பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆகிறதா (பேட்டர் பத்திரமாக பேஸை அடைவது), அவுட் ஆகிறதா என்பதில் பிட்சருக்குப் பிட்சர் நாம் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் இல்லை என்றார் அவர். அதில் ஃபீல்டர்களின் கால் வேகம் இருக்கிறது, மைதானத்தின் அமைப்பு இருக்கிறது, வெறும் அதிர்ஷ்டமும் நிறைய இருக்கிறது. அப்படி விழும் பந்துகளில் எத்தனை ஹிட் ஆகின்றன என்பதைத்தான் பேபிப் (BABIP) என்கிறார்கள். லீக் சராசரி சுமார் .300. ஒரு முழு சீசனில் ஒருவருடைய பந்துகளில் 500 அப்படி உள்ளே விழுந்தால் 150 ஹிட். பேபிப் .270 ஆக இருந்தால் 135. வித்தியாசம் 15 ஹிட்தான். 30 ஆட்டம் வீசுகிறவருக்கு அது இரண்டு ஆட்டத்துக்கு ஒரு ஹிட். ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டர் அரையடி இடப்பக்கம் நின்றிருந்தால் பிடித்திருப்பார் என்கிற மாதிரியான ஹிட். அதை வைத்து நாம் ஒருவரை ‘பெரிய ஆட்டத்தில் நிற்பவர்’ என்றும் இன்னொருவரை ‘மனத்திடம் இல்லாதவர்’ என்றும் முத்திரை குத்துகிறோம்.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஃபிப் (FIP) என்ற கணக்கு. ஃபீல்டர்கள் கை வைக்காத விஷயங்களை மட்டும் அது எடுத்துக்கொள்கிறது. ஹோம்ரனை, அதாவது வேலியைத் தாண்டிய அடியை, 13-ஆல் பெருக்கு, வாக்கையும் (நான்கு தவறான பந்தால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் பேஸ்) பேட்டர்மேல் பட்ட பந்தையும் கூட்டி 3-ஆல் பெருக்கு, இரண்டையும் சேர்த்து, ஸ்ட்ரைக்அவுட்டின் இரு மடங்கைக் கழி, இன்னிங்ஸால் வகு, கடைசியில் இ.ஆர்.ஏ. அளவுக்குக் கொண்டுவர 3.1-ஐ ஒட்டி ஒரு எண்ணைக் கூட்டு. 150 இன்னிங்ஸ், 15 ஹோம்ரன், வாக் எல்லாம் சேர்த்து 50, ஸ்ட்ரைக்அவுட் 160 என்றால் 195-ம் 150-ம் 345, அதில் 320 போனால் 25. வகுத்தால் 0.17. கூட்டினால் 3.27. நல்ல பிட்சர். இப்போது ஹோம்ரனை மட்டும் 15-லிருந்து 23 ஆக்குங்கள். அதே ஆளின் ஃபிப் 3.96. எட்டு பந்து வேலியைத் தாண்டியதற்கு இவ்வளவு. அதில் இரண்டு மூன்று, வேறு மைதானத்தில் வேலியோரம் கேட்ச் ஆகியிருக்கக்கூடியவை. ஒரு தடவையாவது இப்படிக் காகிதத்தில் போட்டுப் பார்த்தவர்கள் ஃபிப்பை வேதவாக்காக நீட்ட மாட்டார்கள்.

நான் நீட்டியவன். 2018 ஜூலை 31 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், தம்பா பே ரேஸிடமிருந்து கிறிஸ் ஆர்ச்சரை எடுத்தது. அவருடைய இ.ஆர்.ஏ. மூன்றாவது ஆண்டாக 4-க்கு மேல். ஆனால் ஃபிப் அதைவிடக் கீழே. துரதிர்ஷ்டசாலி, அடுத்த ஆண்டு பாருங்கள், இ.ஆர்.ஏ. தானாக இறங்கிவந்து ஃபிப்போடு சேரும் என்று நண்பர்களிடம் சவால் விட்டேன். 2019-ல் 3-9, இ.ஆர்.ஏ. 5.19. ஒரே ஒரு வருடம் இ.ஆர்.ஏ.வும் ஃபிப்பும் விலகியிருந்தால் அதை அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். மூன்று வருடம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், அந்தக் கணக்குக்குப் பிடிபடாத ஏதோ ஒன்று ஆளிடம் இருக்கிறது என்று பொருள். ஆர்ச்சர் பெரும்பாலும் வேகப்பந்து, பக்கவாட்டில் வளையும் ஸ்லைடர் என்று இரண்டே வகையை நம்பி வீசியவர். ஒரே ஆட்டத்தில் மூன்றாம் முறை எதிரே நிற்கும் பேட்டருக்கு அவரிடம் புதிதாக எதுவும் மிச்சமில்லை. அவருக்குப் பதிலாக பைரேட்ஸ் கொடுத்தது டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், பிறகு ஷேன் பாஸ். பிட்ஸ்பர்க்கில் பின்வரிசையில் தடுமாறிக்கொண்டிருந்த கிளாஸ்னோ, 2019-ல் தம்பா பேயில் 12 ஆட்டம் தொடங்கி 1.78 இ.ஆர்.ஏ. மெடோஸ் அதே ஆண்டில் 33 ஹோம்ரன். அந்த நண்பர்கள் இன்னும் விடவில்லை.

இதே பைரேட்ஸ்தான் அதே 2018 ஜனவரியில் கெரிட் கோலை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்குக் கொடுத்தது. முந்தைய ஆண்டில் கோலின் இ.ஆர்.ஏ. 4.26, கொடுத்த ஹோம்ரன் 31. இறங்குமுகம் என்று படிக்க எல்லா நியாயமும் இருந்தது. ஹூஸ்டன் படித்தது வேறு மாதிரி. பிட்ஸ்பர்க்கில் பந்தைத் தாழ்வாக வீசி தரையில் உருளவைப்பதற்காகச் சிங்க்கரை நிறையப் போடச் சொல்வார்கள். கோலுக்கு இருந்த வேகத்துக்கு அது பொருந்தவில்லை. ஹூஸ்டனில் சிங்க்கரைக் குறைத்து, நேராகச் செல்லும் ஃபோர்-சீம் வேகப்பந்தை ஸ்ட்ரைக் வட்டாரத்தின் (பேட்டர் அடித்தாக வேண்டிய பரப்பு) மேல் விளிம்பில் ஏற்றினார்கள். இ.ஆர்.ஏ. 2.88, ஸ்ட்ரைக்அவுட் 276. அதற்கடுத்த ஆண்டு ஸ்ட்ரைக்அவுட் 326. ஒரு பிட்சரின் எண்கள், அவரை அந்த அணி எப்படிப் பயன்படுத்தியது என்பதன் எண்களும்கூட. டிரேட் வாதத்தில் நான் இப்போது முதலில் தேடுவது இதைத்தான்: எந்த வகைப் பந்தை நூற்றுக்கு எத்தனை தடவை வீசுகிறார், எதற்கு பேட்டர்கள் மட்டையை வெறுங்காற்றில் சுழற்றுகிறார்கள், எதை அடித்து நொறுக்குகிறார்கள். இவையெல்லாம் இன்று எந்த ரசிகனும் இலவசமாகப் பார்க்கலாம்.

மைதானக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. கொலராடோ ராக்கீஸின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு. அடித்த பந்து தூரம் போகும், வீசிய பந்து சரியாக வளையாது. அதனால் அங்கிருந்து ஒரு பிட்சர் வெளியே வந்தால் தானாகத் தேறிவிடுவார் என்று ஒரு நம்பிக்கை. உபால்டோ ஹிமேனஸ் 2010-ல் அங்கே 19-8, 2.88 என்று கலக்கியவர். 2011 ஜூலை இறுதியில் கிளீவ்லாந்து அவரை எடுத்தபோது இ.ஆர்.ஏ. 4.46. மலையை விட்டு இறங்கினால் சரியாகும் என்ற வாதம் கேட்க இனிமையாக இருந்தது. கிளீவ்லாந்தில் மீதி ஆண்டில் 5.10, மறு ஆண்டு 5.40. அவருடைய வேகப்பந்தின் வேகம் 2011-லேயே குறைந்துவிட்டிருந்தது. மைதானத்தைக் கழிக்கும் முன் வேகமானியைப் பார்த்திருக்க வேண்டும்.

வார் (WAR), அதாவது எளிதில் கிடைக்கும் மாற்று வீரரைவிட ஒருவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்ற ஒற்றை எண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: இரண்டு பேரை ஒப்பிடும்போது இரண்டு கடையில் வாங்காதீர்கள். பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் பிட்சர் வார், கொடுத்த ரன்களிலிருந்து தொடங்குகிறது. ஃபேன்கிராஃப்ஸ் தளத்தின் வார், ஃபிப்பிலிருந்து தொடங்குகிறது. ஒருவருக்கு இங்கிருந்தும் மற்றவருக்கு அங்கிருந்தும் எடுத்தால் ஒருவரைக் கிலோவிலும் மற்றவரைப் படியிலும் அளந்த கதைதான்.

ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு பாக்கி என்பதையும் நம்மில் பலர் பார்ப்பதில்லை. ஒரு வீரர் ஆறு ஆண்டு மேஜர் லீக் சேவைக்குப் பிறகுதான் தன் விருப்பப்படி அணி தேடலாம். குரோஷேவை எடுத்தபோது அதில் இரண்டு சீசன் மிச்சம் இருந்தது. மூன்று மாதத்தில் கிளம்பிவிடப்போகும் பிட்சருக்கு இதே நான்கு பேரை பாஸ்டன் கொடுத்திருக்காது. ஆக, எவ்வளவு நல்ல பிட்சர் என்ற கேள்வியோடு எத்தனை நாளைக்கு என்ற கேள்வியும் சேர்ந்துதான் விலை.

கடைசியாக, எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்தப் பழைய டிரேட். 1987 ஆகஸ்ட் 12 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ், அட்லான்டா பிரேவ்ஸிடமிருந்து 36 வயது டாயில் அலெக்சாண்டரை எடுத்து, 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தது. ஸ்மோல்ட்ஸ் பிறகு 213 வெற்றி, 154 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்தது), 1996-ல் சை யங் விருது, 2015-ல் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். ‘வரலாற்றிலேயே படுமோசமான டிரேட்’ பட்டியல் எதை எடுத்தாலும் இது இருக்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. டெட்ராய்ட் முடிவெடுத்த அன்று இருந்த தாள்களை மட்டும் மேசையில் வையுங்கள். ஸ்மோல்ட்ஸ் அப்போது இரண்டு படி கீழே மைனர் லீக்கில், இ.ஆர்.ஏ. ஐந்தரைக்கு மேல். அந்த நிலையில் இருக்கும் இருபது வயதுப் பையன்களில் தோள் கிழிந்தோ முழங்கை போயோ காணாமல் போகிறவர்களே அதிகம். மறுபக்கம், டெட்ராய்ட் கோப்பைப் போட்டியின் நடுவில் நின்றது. அலெக்சாண்டர் வந்து 11 ஆட்டம் தொடங்கினார்: 9-0, இ.ஆர்.ஏ. 1.53. டொரண்டோவை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் முந்தி டிவிஷனை, அதாவது லீக்கில் தங்கள் பிரிவை, வென்றார்கள். பிளேஆஃபில் அவர் தொடங்கிய இரண்டு ஆட்டத்திலும் தோற்றார், மினசோட்டா வென்றது, அதுவும் உண்மைதான். அந்த 11 ஆட்டத்தில் அவருக்கும் அதிர்ஷ்டம் கைகொடுத்திருக்கும், அதையும் மறுக்கவில்லை.

ஸ்மோல்ட்ஸ் மிச்சிகனிலேயே வளர்ந்தவர், சின்ன வயதிலிருந்தே டைகர்ஸ் ரசிகர். அதனால் டெட்ராய்ட்காரர்களுக்கு வலி இன்னும் அதிகம். அங்கே பழைய ரசிகர் யாரிடமாவது இந்தப் பேச்சை எடுத்தால் கடுப்பாவார். நான் பதிலுக்கு ஒரு தேதியைத்தான் கேட்பேன்: 1987-க்குப் பிறகு உங்கள் அணி மறுபடி பிளேஆஃப் பார்த்தது எப்போது? 2006.