மேப் சொல்லிவிட்டது என்பதற்காகத் திரும்பாதீர்கள்

லைசென்ஸ் வாங்கி, காரும் வாங்கிவிட்டு, ஊருக்குள் ஓட்டப் பயப்படுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரோடு பயிற்சி கொடுப்பது என் வேலை. முன்பெல்லாம் கிளட்ச்சோடு மல்லுக்கட்டுவார்கள், இப்போது மேப்போடு. ஆரம்பத்தில் நாங்கள் செய்த கூத்துகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஓட்டும்போது போனை நோண்டாதே, ஒன்வேயில் நுழையாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கத்திப்பாராவில் கடைசி நொடி வரை காத்திருப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். பாலம் பிரிகிற இடம் வரை குரலுக்காகக் காத்திருப்பார்கள். குரல் வந்ததும் ஸ்டீயரிங்கை ஒடிப்பார்கள். தவறிப்போனால் நடுப்பாலத்தில் நின்றுவிடுவார்கள்.

சென்னையின் கத்திப்பாரா 2008இல் திறந்த க்ளோவர்லீஃப் மேம்பாலம், அதாவது இலை வடிவ வளையங்கள் கொண்டது. அண்ணா சாலை, ஜி.எஸ்.டி. சாலை, நூறடி சாலை, பூந்தமல்லி சாலை எல்லாம் அங்கே வந்து முட்டுகின்றன. இந்த வகைப் பாலத்தின் கணக்கே வேறு. வலது பக்கம் போக வேண்டியவர், சந்திப்பைத் தாண்டி, இடது ஓரத்தில் பிரிகிற வளையத்தில் சுற்றித்தான் போக வேண்டும். புதிதாக ஓட்டுகிறவரோ மேப்பில் பாதை வலது பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வருவார். 'இடது பக்கம்' என்று குரல் வரும்போது நடுவில் ஒரு பேருந்தும் நாலு பைக்கும் இருக்கும்.

அண்மையில் ஒரு தம்பி அப்படித்தான் வந்தார். வளையம் கைநழுவியதும் கோடு போட்ட முக்கோணத்தில் பிரேக் அடித்து, ரிவர்ஸ் கியரைத் தேடினார். பயிற்சி வண்டியில் என் காலடியில் பிரேக் உண்டு, ஆக்சிலரேட்டர் கிடையாது. ஓடுகிற வண்டியை நிறுத்த என்னால் முடியும், நின்ற வண்டியை நகர்த்த முடியாது. "போயிட்டே இருங்க தம்பி, போயிட்டே இருங்க" என்று கத்துவதற்குள் பின்னால் வந்த வேன் ஒதுங்கி, எங்கள் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. கண்ணாடியோடு போனது எங்கள் அதிர்ஷ்டம்.

குரல் ஏன் பிந்துகிறது? போன் பொதுவாக நொடிக்கு ஒரு முறைதான் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி 16 மீட்டருக்கு மேல் போய்விடும். திறந்த வானத்துக்குக் கீழேயே ஜி.பி.எஸ்ஸில் 5 மீட்டர் அளவுக்குப் பிசகு இருக்கும், கட்டடங்களுக்கு நடுவில் இன்னும் கூடும். நம்முடைய ஒரு லேன் 3.5 மீட்டர்தான். நீங்கள் எந்த லேனில் இருக்கிறீர்கள் என்பதை அது குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

உயரத்தில் பிசகு இன்னும் அதிகம். பாலத்தின் மேலே போகிறோமா, கீழே சர்வீஸ் ரோட்டில் போகிறோமா என்று அது குழம்புவது இதனால்தான். பாலத்தின் நடுவில் 'இடது பக்கம் திரும்பவும்' என்றால் காதில் வாங்காதீர்கள். பெரிய போர்டுகளில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கிளம்புவதற்கு முன்பே பாதையை விரலால் நகர்த்திப் பார்த்துவிடுங்கள். பெரிய சந்திப்புகள் எவை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் எந்த ஓரம் என்று மட்டும் மனதில் வைத்தால் போதும். அப்படியும் தவறிவிட்டதா? சரி, நேராகப் போங்கள். இந்தக் கருவியின் பெரிய நன்மையே அதுதான். திட்டாது, சலிக்காது, அடுத்த யூ டர்னைக் கண்டுபிடித்துச் சொல்லும். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். என் அனுபவத்தில் அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்க மனம் வராதவர்களில் பெரும்பாலோர் வேறு எதற்கும் அவசரப்படாதவர்கள்.

டூ வீலர் வழியிலேயே காரை ஓட்டுவது

வீட்டில் ஸ்கூட்டரும் இருந்தால் இது நடக்கும். மேப்பில் நேற்று ஸ்கூட்டருக்காக மாற்றிய பைக் குறி அப்படியே இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. திருவல்லிக்கேணிச் சந்துக்குள் போய், இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கி, பின்னாலேயே வந்து வெளியேறும்போதுதான் தெரியும். 'டோல் வேண்டாம்' என்று எப்போதோ தட்டிவைத்ததையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பைபாஸைத் தொடாமல் ஊரெல்லாம் சுற்றுகிறதே என்று மேப்பைத் திட்டுவார்கள், அப்படிக் கேட்டது அவர்கள்தான்.

தெருப் பெயரை மட்டும் அடிப்பது

சென்னையில் எத்தனை காந்தி தெரு! பின்கோடு சேருங்கள்.

மழையில் சுரங்கப்பாதை

துரைசாமி சப்வேயில் எத்தனை அடி தண்ணீர் என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது. நுழைவதற்கு முன் நின்று பாருங்கள். தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

நீல நிறத்தை நம்பித் தடுப்பைத் தள்ளுவது

மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காக மூன்று வழித்தடங்களில் வேலை நடக்கிறது. ஆற்காடு சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் நேற்று இருந்த திருப்பம் இன்று இருக்காது. நெரிசலைக் காட்டும் சிவப்பு, அங்கே ஊர்ந்துகொண்டிருக்கும் போன்களிலிருந்து வருகிற தகவல். யாரும் போகாத சாலையிலிருந்து எந்தத் தகவலும் வராது, ஆகவே அடைத்த சாலைகூடக் காலியான சாலை மாதிரி நீலக் கோடாகத் தோன்றலாம். அந்தத் தகவல் வருகிற இடத்தில், உதாரணமாக மாலையில் கிண்டியில், நிறங்களை நான் தாராளமாக நம்புவேன். முப்பது வருடம் ஓட்டியவருக்கும் அடுத்த சிக்னலுக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று தெரியாது. தடுப்புக்குப் பக்கத்தில் கான்ஸ்டபிள் கை காட்டினால் மட்டும் கை காட்டிய பக்கம் போங்கள்.

நெட் போனால் எல்லாம் போச்சு என்று ஓரங்கட்டுவது

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பிடிக்க டேட்டா தேவையில்லை. மேப் படத்துக்கும் நெரிசல் நிலவரத்துக்கும்தான் டேட்டா. ஈ.சி.ஆரில் தூரமாகப் போகிறவர்கள் அந்தப் பகுதி மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

போனை டேஷ்போர்டில் வைப்பது

மே மாத வெயிலில் போன் சூடாகித் திரையே மங்கிவிடும். ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டுங்கள்.