மாட்டுக்கு ஆவது குதிரைக்கு ஆகாது: தோட்டத்து வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் குதிரை வாங்கி வருவோர் பலரது தோட்டத்தில் ஏற்கெனவே மாடும் வெள்ளாடும் நாயும் இருக்கும். புதிதாக வந்த குதிரையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்து, மாட்டுக்குப் போடுவதைப் போட்டு, மாட்டுக்குத் தெளிப்பதைத் தெளித்து வளர்க்க முற்படுவதே அங்கு நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

குதிரை அசைபோடும் விலங்கன்று. அதன் இரைப்பை உடலளவுக்குச் சிறியது. தின்றதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. ஆகவே, ஒவ்வாத தீனி உள்ளே போனால் அது கடும் வயிற்றுவலியில் கொண்டுபோய்விடும். முன்னங்காலால் தரையைப் பறிப்பதும், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்ப்பதும், வியர்த்துக் கீழே புரள்வதும், லத்தி போடாமலிருப்பதும் அதன் அறிகுறிகள். அந்த வேளையில் கால்நடை மருத்துவரை அழைக்காமல் வாயைத் திறந்து எண்ணெய் ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. அந்த எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும்.

தீவன மூட்டையிலும் கவனம் வேண்டும். சில கோழித் தீவனங்களிலும் மாட்டுத் தீவனங்களிலும் கலக்கப்படும் மோனென்சின் என்னும் மருந்து, மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத் தசையைச் சிதைக்கும். கோழிக்கு அள்ளிய கூடையிலேயே குதிரைக்குக் கொள்ளு அள்ளுவதைக்கூடத் தவிர்ப்பது நல்லது.

பசுந்தீவனத்தில் நடப்பது இன்னும் மெதுவானது என்பதால் எளிதில் கண்ணுக்குப் படாது. கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் என்னும் உப்பு மிகுதி. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் பெருமளவு சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கோ அது உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால், மாதக்கணக்கில் அந்தப் புல்லையே தின்னும் குதிரையின் எலும்புகள் வலுவிழந்து, முகம் வீங்கி, நடையும் நொண்டத் தொடங்கும். சுண்ணாம்புச் சத்து நிறைந்த குதிரைமசாலும் வேறு உலர்புல்லும் கலந்து கொடுப்பது அவசியம். ஆட்டுக்கென்று வேலியோரம் வளர்க்கும் சூபாபுல் மரத்தின் தழையைக் குதிரை தொடர்ந்து மேய்ந்தால், அதிலுள்ள மிமோசின் என்னும் நச்சு பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிரச் செய்யும். மயிர் கொட்டுகிறதென்று தோலுக்கு எண்ணெய் தேய்த்துப் பயனில்லை.

செடிகளில் முதலில் அஞ்ச வேண்டியது அரளி. அதன் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பத்து இருபது இலைகளே ஒரு குதிரையைக் கொல்லப் போதுமானவை. பச்சையாக இருக்கும்போது கசப்பால் விலங்குகள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால், கவாத்து செய்த கிளைகளை லாயத்தின் பக்கம் குவித்து வைத்தால், காய்ந்த பின்னும் நஞ்சு அப்படியே இருக்கும், விலங்கு வாய் வைப்பதும் எளிதாகிவிடும். பூசைக்கு அரளி வேண்டுமென்போர் அதை வீட்டு வாசல் பக்கம் வைத்துக்கொள்ளட்டும்; தோட்டக் கழிவு எதையும் லாயத்தின் பக்கமோ தீவனத் தொட்டிக்குள்ளோ கொட்டக் கூடாது.

நாய்க்கு வரும் ஆபத்து பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கிறது. இயற்கை உரம்தானே என்று தென்னைக்கும் ரோஜாவுக்கும் இடும் ஆமணக்குப் புண்ணாக்கில், நஞ்சு நீக்கப்படாவிட்டால் ரிசின் இருக்கும். வாசனைக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்றுவிடும். சில மணி நேரம் கழித்தே வாந்தியும் இரத்தக் கழிச்சலும் தொடங்குவதால், காரணம் பலருக்குப் பிடிபடுவதில்லை. நாய் உள்ள தோட்டத்தில் வேப்பம் புண்ணாக்குக்கு மாறுவதே பாதுகாப்பு. மூலனூர், தாராபுரம் பக்கத்தில் கண்வலிக் கிழங்கு பயிரிடுவோர் தோண்டிய கிழங்கை எந்த விலங்குக்கும் எட்டாத அறையில் பூட்டி வைக்க வேண்டும்; அதிலுள்ள கோல்ச்சிசின் மனிதர் உட்பட எவருக்கும் நஞ்சே.

உண்ணி மருந்திலும் இதே குழப்பம் நேர்கிறது. மாட்டுக்கும் நாய்க்கும் பயன்படும் அமிட்ராஸைக் குதிரைமீது தெளித்தால் அதன் குடல் இயக்கம் நின்றுபோகலாம். நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். மருந்து காயும்வரை பூனையை நாயின் அருகில் படுக்க விடக்கூடாது.

லத்தியைப் பச்சையாகவே காய்கறிப் பாத்திக்குப் போடுவதும் சரியன்று. மாட்டின் அளவுக்குக் குதிரை விதைகளைச் செரிப்பதில்லையாதலால் பாத்தியெங்கும் களை முளைக்கும். எனவே, குவித்துப் புரட்டிவிட்டு நன்றாக மக்கிய பின்னரே இட வேண்டும். லத்தியிலும் அது கலந்த மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கக்கூடும் என்பதால், கையுறை அணிவதோடு வேலை செய்பவர் தடுப்பூசியையும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்நோய்க்கு மிக எளிதில் ஆளாகும் விலங்கு குதிரை. முள்கம்பி வேலியில் கீறிய சிறு காயம்கூட அதற்குப் போதும்.