கியர் எண்ணெயில் கிராபீன் கலப்பது எப்படி

500 கிராம் மினரல் பேஸ் ஆயிலுக்கு (கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த, எதுவும் கலக்காத அடிப்படை எண்ணெய்) 0.25 கிராம் கிராபீன் பொடி (மிக மெல்லிய கார்பன் தகடுகள்) போதும், அதாவது 0.05 சதவீதம். நிறையப் போட்டால் நிறைய வழுக்கும் என்று நினைக்க வேண்டாம். அளவு கூடினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, தேய்மானம்தான் கூடும்.

பொடியை நேராக முழு எண்ணெயில் கொட்டாதீர்கள். முதலில் 50 கிராம் எண்ணெயை 60 டிகிரிக்குச் சூடாக்கி, 0.75 கிராம் ஓலிக் அமிலம் சேருங்கள். துகள்கள் ஒட்டாமல் பிரித்து வைப்பது இதுதான். பிறகு பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, காந்தக் கலக்கியில் அரை மணி நேரம் சுற்ற விடுங்கள். பொடி மூச்சில் போகக் கூடாது. என்95 முகக்கவசம் கட்டாயம், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது ப்ரோப் சோனிகேட்டர், அதாவது எண்ணெயில் முக்கிய கோல் வழியாக மீயொலி அதிர்வு கொடுத்துத் துகள்களைப் பிரிக்கும் கருவி: 5 விநாடி ஓட்டம், 5 விநாடி ஓய்வு, மொத்தம் 30 நிமிடம். பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் வையுங்கள். இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். சூடு ஏறினால் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும். நேரம் நீண்டால் கிராபீன் தகடுகள் நொறுங்கும். அதன்பின் மீதி 450 கிராமைச் சேர்த்துக் கலக்குங்கள்.

சோதனைக்குழாயில் 7 நாள் அசையாமல் வைத்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அடியில் கரிய சேறு வழுக்கி வந்தால் கலவை தேறவில்லை. தேறினால் நான்கு-குண்டு சோதனை, அதாவது எண்ணெயில் நனைந்த மூன்று எஃகுக் குண்டுகள் மேல் நான்காவதை அழுத்திச் சுழற்றுவது: 392 நியூட்டன் அழுத்த விசை, நிமிடத்துக்கு 1200 சுற்று, 75 டிகிரி, 60 நிமிடம். குண்டுகளில் விழும் தேய்தழும்பை வெறும் எண்ணெயில் விழும் தழும்போடு ஒப்பிடுங்கள்.

பைக் எஞ்சினில் மட்டும் ஊற்றாதீர்கள். எண்ணெயில் நனையும் கிளட்ச் வழுக்கலாம்.