'சர்க்கரை தீர்ந்துபோச்சு': ஆங்கிலத்தில் 'ரன் அவுட் ஆஃப்' சொல்லிப் பழகுங்கள்

வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் நம்மில் பலர் 'சுகர் காட் ஓவர்' என்போம். இந்தியாவுக்குள் புரிந்துவிடும். பிரிட்டன்காரரோ அமெரிக்கரோ கேட்டால் ஒரு நொடி விழிப்பார். அவர்களுக்கு 'கெட் ஓவர்' என்றால் காய்ச்சலிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டு வருவது. இந்த இடத்தில் அவர்கள் சொல்வது 'ரன் அவுட் ஆஃப்'.

முதல் படி, எழுவாயை மாற்றுங்கள். தமிழில் தீர்வது சர்க்கரை. ஆங்கிலத்தில் ஆள் முன்னால் வருவார்: 'வீ ரேன் அவுட் ஆஃப் சுகர்'. நமக்குச் சிரமம் முழுக்க இந்த இடத்தில்தான், ஆகவே பத்து முறையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். பொருளை வைத்தே தொடங்க வேண்டுமென்றால் 'ஆஃப்' போய்விடும்: 'த சுகர் ரேன் அவுட்'. 'த சுகர் வாஸ் ரன் அவுட்' மட்டும் வேண்டாம். 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் தோனி ஆட்டமிழந்தாரே, 'வாஸ் ரன் அவுட்' அதற்குத்தான் பொருந்தும்.

அடுத்தது காலம். அரிசி டப்பாவைத் திறந்து பாருங்கள். அடியில் ஒரு ஆழாக்கு கிடந்தால் 'வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ரைஸ்', அதாவது தீரப்போகிறது. டப்பா காலி என்றால் 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்'. 'ஹேவ்' வந்தால் பின்னால் 'ரன்' தான். 'ஹேவ் ரேன்' தவறு.

எழுதும்போது 'ஆஃப்' சொல்லுக்கு ஒரே ஒரு 'எஃப்'. இரண்டு போட்டால் அது வேறு சொல். பேச்சில் அது 'அவ்' என்றுதான் ஒலிக்கும். வேகத்தில் மூன்று சொல்லும் ஒட்டிக்கொண்டு 'ரேனவுட்டவ்' என்று காதில் விழும். படத்தில் இதைப் பலர் தவறவிடுவது இதனால்தான்.

நேரம், பணம், பொறுமை எல்லாவற்றுக்கும் இதே அமைப்பு: 'ஐ ஆம் ரன்னிங் அவுட் ஆஃப் பேஷன்ஸ்'. ஆனால் கையிருப்பு கரைவதற்கு மட்டுமே இது. வகுப்பு முடிந்தது, படம் முடிந்தது என்பதற்கெல்லாம் 'எண்டட்' போதும். பாஸ்போர்ட் காலாவதியாவதற்கும் 'ரன் அவுட்' உண்டு, அங்கே 'ஆஃப்' வராது: 'மை பாஸ்போர்ட் ரன்ஸ் அவுட் இன் மே'.