கொழும்பு எலிகளில் ஹன்டா வைரஸைக் கண்டறிதல்

ஹன்டா வைரஸ் தொற்றிய எலியைப் பார்த்தால் நோயென்றே தெரியாது. ஓடித் திரியும், குட்டி போடும், சிறுநீரிலும் எச்சிலிலும் மாதக்கணக்கில் வைரஸை வெளியேற்றும். மனிதரில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்போது எலிக்காய்ச்சல் என்றே எண்ணத் தோன்றும். பரிசோதனை தவறுவது பெரும்பாலும் வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் காட்டும் பீசிஆர் இயந்திரத்தில் அல்ல, அதற்கு முந்தைய சில மணித்தியாலங்களில்தான்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் மாநகர சபையின் சுகாதாரப் பிரிவின் சம்மதத்தையும் முதலில் பெறுங்கள். புறக்கோட்டைக் களஞ்சியங்கள், கால்வாய்க் கரைகள், சந்தைகளின் பின்புறம் ஆகியவை நல்ல இடங்கள். கம்பிக்கூட்டைச் சுவரோரமாக, வாய் ஓடுபாதையைப் பார்க்க வையுங்கள். இரையாகக் கருவாடும் சுட்ட தேங்காய்ச் சொட்டும் போதும். சாக்கடை எலி புதுப் பொருளை நம்பாது. ஆகவே மூன்று இரவுகள் கதவைத் திறந்து கட்டி, இரை மட்டும் வைத்து, நான்காம் இரவில் கட்டை அவிழ்த்துப் பொறியை இயங்க வையுங்கள். மழை நாளில் வடிகாலுக்குள் வைத்தால் எலி மூழ்கிச் செத்துவிடும்.

வெயில் ஏறுமுன் கூடுகளை எடுத்துவிடுங்கள். கொழும்பு வெப்பத்தில் செத்துக் கிடந்த எலியில் வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏ விரைவாகச் சிதையும். அதில் வைரஸ் இல்லை என்று வரும் முடிவுக்கு மதிப்பில்லை. இரட்டைக் கையுறை, என்95 முகக்கவசம், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கூட்டைத் தொடாதீர்கள். எச்சத்தை ஒருபோதும் உலர்வாகக் கூட்டக் கூடாது. தூசியோடு வைரஸ் மூச்சில் ஏறும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். கூட்டைப் பின்னர் நன்றாக அலசுங்கள். இல்லையேல் கம்பி துருப்பிடிக்கும்.

பயிற்சி பெற்றவர் ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்து கொடுத்து எலியைக் கருணையாகக் கொன்றபின், குருதி, நுரையீரல், சிறுநீரகம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு எலிக்கும் புதுக் கத்தி. நுரையீரலை அரை சென்டிமீற்றருக்கு மேல் தடிக்காத துண்டாக வெட்டி, அதைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாத ஆர்என்ஏ காப்புக் கரைசலில் இடுங்கள். தடித்த துண்டின் நடுவுக்குக் கரைசல் போய்ச் சேராது. ஓர் இரவு 4 பாகையில் வைத்து, பிறகு −80 பாகைக்கு மாற்றுங்கள். ஒரு சிறுநீரகத்தை எதனோலில் வைத்தால் எலிக்காய்ச்சல் பற்றீரியாவையும் தேடலாம்.

இனத்தை வாலையும் காதையும் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். சைட்டோகுரோம் பி மரபணுவை வாசிப்பதே நம்பகமானது. மூஞ்சூறு எலியே அல்ல, அதைத் தனியாகப் பதியுங்கள். தோட்டப்பாளையம் வைரஸ் என்ற ஹன்டா வகை 1964இல் வேலூரில் மூஞ்சூறிலிருந்துதான் பிரிக்கப்பட்டது.

ஆய்வுகூடத்தில் பிறபொருளெதிரியைத் தேடும் எலைசா, வைரஸையே தேடும் பீசிஆர் இரண்டும் தேவை. புதிதாகத் தொற்றிய எலியில் வைரஸ் இருக்கும், பிறபொருளெதிரி இராது. குட்டியில் தாயின் பிறபொருளெதிரி மட்டும் இருக்கலாம். வைரஸ் மரபணுவின் எல் துண்டத்தை இலக்காகக் கொண்ட ஆர்டி-பீசிஆரை (ஆர்என்ஏயை டிஎன்ஏ ஆக்கிப் பெருக்கும் பீசிஆர்) இரு சுற்றாகச் செய்தால் நுண்ணுணர்வு கூடும். முதல் சுற்றுக் குழாயைத் திறக்கும்போது மாசும் கூடும். எனவே அதைத் திறக்க வேறு அறை, வேறு குழாயி (பிப்பெட்). ஒவ்வொரு முறையும் மாதிரி சேர்க்காத வெற்று நீர்க் கட்டுப்பாட்டோடு எலியின் சொந்த மரபணு ஒன்றையும் ஓட்டுங்கள். எலியின் மரபணுவே வராவிட்டால் மாதிரி கெட்டது என்று பொருள். நேர்மறையானதன் மரபணு வரிசையை வாசித்த பிறகே வைரஸின் பெயரைச் சொல்லுங்கள்.

59 எலிகளில் ஒன்றிலும் கிடைக்காவிட்டால், தொற்று 5 சதவீதத்துக்குக் குறைவு என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 29 எலிகள் என்றால் 10 சதவீதத்துக்குக் குறைவு என்று மட்டுமே.