முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் அசைவு அச்சத்தை அளவிடும் முறை

இடுப்புப் பகுதியில் டிஸ்க் பிதுக்கத்துக்காகவோ நரம்புப் பாதைச் சுருக்கத்துக்காகவோ அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், ஆறு வாரம் கழிந்த பின்னும் தரையில் விழுந்த கைக்குட்டையை எடுக்கக் குனிய மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வலி அவரைத் தடுத்திருக்கலாம். குனியக் கூடாது என்று அறுவை மருத்துவர் சொல்லியிருக்கலாம். குனிந்தால் உள்ளே வைத்த திருகாணி பெயர்ந்துவிடும் என்று அவரே அஞ்சியிருக்கலாம். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அளக்க வேண்டியது மூன்றாவதை மட்டுமே என்பதால், முதல் இரண்டையும் தனியே பதிவு செய்யாமல் கையில் வினாப்பட்டியலை எடுக்கக் கூடாது.

ஆகவே நோயாளியைச் சந்திக்கும் முன், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் வெளியேற்றச் சுருக்கத்தைப் படித்து, என்ன அறுவை, எலும்பு இணைப்பு உண்டா, குனிதல், திரும்புதல், எடை தூக்குதல் ஆகியவற்றுக்கு இன்றைய தேதியில் என்ன தடை நடப்பில் உள்ளது என்பதை ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓய்வில் எவ்வளவு வலி, நடக்கும்போது எவ்வளவு வலி என்பதை 0 முதல் 10 வரையிலான அளவில் தனித்தனியே கேளுங்கள். புதிதாகக் கால் பலவீனம், சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடிழப்பு, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், காய்ச்சல், தையலிலிருந்து கசிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் அச்சத்தை அளப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள். அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சுகிறவரைப் பயந்தாங்கொள்ளி என்று கணக்கெழுதுவது பெரும்பிழை.

கைனசியோஃபோபியா என்ற சொல்லை 1990-இல் கோரி, மில்லர், டாட் என்ற மூவர் வழக்கில் கொண்டுவந்தனர். அசைந்தால் மீண்டும் காயம் படும் என்ற எண்ணத்தால் எழும் மிகையான அச்சமே அது. அதை அளக்க அதிகம் பயன்படுவது டாம்பா அளவுகோல். அதில் 17 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 'சிறிதும் ஒப்பவில்லை' என்பதற்கு 1 முதல் 'முழுவதும் ஒப்புகிறேன்' என்பதற்கு 4 வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் 17-க்குக் குறையாது, 68-ஐத் தாண்டாது.

தாளை நோயாளியிடம் கொடுத்து அவரே நிரப்ப விடுவது நல்லது. படிக்க இயலாதவருக்கு வாசித்துக் காட்டும்போது எல்லாக் கூற்றுகளையும் ஒரே குரலில், விளக்கம் சேர்க்காமல் வாசியுங்கள். உடன் வந்த மனைவியோ மகனோ முந்திக்கொண்டு, "அவருக்குப் பயமெல்லாம் இல்லைங்க" என்று பதில் சொல்வது வழக்கமாக நடப்பதுதான். அவர்களைச் சற்று வெளியே காத்திருக்கச் சொல்லுங்கள். எந்த மொழிபெயர்ப்பையும், அதை மீண்டும் மூலமொழிக்கு மொழிபெயர்த்து ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே கையாள வேண்டும். குறிப்பாக எட்டாம், பதினாறாம் கூற்றுகள் எதிர்மறையில் அமைந்தவை. 'வலியைக் கூட்டுகிறது என்பதாலேயே ஒன்று ஆபத்தானதாகிவிடாது' என்ற போக்கில் செல்லும் வாக்கியத்துக்கு "ஆமாம்" என்று ஒருவர் சொன்னால், அவர் எதை ஆமோதித்தார் என்பது கேட்டவருக்கே விளங்காமல் போகும். அங்கே நிதானமாக நில்லுங்கள்.

ஆறாம் கூற்றும் கவனிக்கத்தக்கது. அது நோயாளிக்கு நேர்ந்த விபத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் தேய்மானத்துக்காக அறுவை செய்துகொண்டவருக்கு விபத்து எதுவும் நேர்ந்திருக்காது. அந்த இடத்தில் 'முதுகுப் பிரச்சினை' என்று படிக்கச் சொல்வதென்று உங்கள் துறை முடிவு செய்தால், எல்லா நோயாளிக்கும் எல்லாத் தவணையிலும் அப்படியே செய்ய வேண்டும்.

கூட்டும்போது 4, 8, 12, 16 ஆகிய நான்கு கூற்றுகளைத் திருப்பிப் போட வேண்டும், அதாவது பெற்ற எண்ணை 5-இலிருந்து கழிக்க வேண்டும்; மற்றவற்றைப் போலன்றி, இவற்றை ஒப்புவது அச்சம் குறைவு என்பதைக் காட்டும். மற்ற 13 கூற்றுகளின் கூட்டுத்தொகை 34 என்றும், இந்த நான்கின் பதில்கள் 2, 1, 2, 3 என்றும் கொண்டால், அவை 3, 4, 3, 2 ஆகும். ஆகவே மொத்தம் 46. திருப்பாமல் கூட்டியவருக்கு 42 கிடைக்கும். நேரம் குறைவாக உள்ள புறநோயாளிப் பிரிவில் 11 கூற்றுகள் கொண்ட சுருக்க வடிவம் போதும்: அதில் திருப்பும் கூற்றே இல்லை, மொத்தம் 11 முதல் 44 வரை, 4 புள்ளி குறைந்தால் பொருளுள்ள முன்னேற்றம் என்று கொள்ளலாம்.

நீள வடிவத்தில் 37-ஐத் தாண்டினால் அச்சம் மிகுதி என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த எல்லை நாள்பட்ட முதுகுவலிக்காரர்களிடமிருந்து வந்தது, அறுவை முடிந்து வந்தவர்களிடமிருந்து அல்ல. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழுவினர் இடுப்பு முதுகெலும்பில் அறுவை செய்துகொண்ட 86 பேரை வைத்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 39-ஐயும் அதற்கு மேலானதையும் எல்லையாகக் கொண்டனர். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவரை ஓர் எண்ணை மட்டும் நம்பி வகைப்படுத்த நான் துணிய மாட்டேன்.

ஏனெனில் தேவையற்ற அசைவைத் தவிர்ப்பதே பாதுகாப்பு என்று கூறும் பத்தாம் கூற்றுக்கு, அறுவை முடிந்து மூன்று வாரமானவர் 4 போட்டால், அவர் மருத்துவர் சொல்லைக் கேட்கிறார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆறு மாதம் கழித்து, தடையெல்லாம் நீங்கிய பின் அதே 4 வந்தால் பொருள் வேறு. எனவே 4 பெற்ற ஒவ்வொரு கூற்றுக்கும் "இதை யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள்?" என்று கேட்டு, பதிலைக் கூற்றின் பக்கத்திலேயே எழுதுங்கள். "டாக்டர் சொன்னார்" என்று வருமானால் வெளியேற்றச் சுருக்கத்தோடு ஒப்பிடுங்கள். தடை காலாவதியாகி, யாரும் அதை அவரிடம் சொல்லாமல் விட்டிருப்பதைப் பல நேரம் காண்பீர்கள். "பக்கத்து வீட்டுக்காரருக்கு மறுபடி அறுவை செய்யும்படி ஆயிற்று" என்று வருமானால், நீங்கள் தேடி வந்தது அங்கேதான் இருக்கிறது.

மொத்த மதிப்பெண் எந்த அசைவுக்கு அஞ்சுகிறார் என்பதைச் சொல்லாது. அதற்காக அன்றாடச் செயல்களின் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் முதுகுக்கு எவ்வளவு கேடு என்று 0 முதல் 100 வரை மதிப்பிடச் சொல்லும் முறை உண்டு. படத்தொகுப்பு இல்லையென்றால் அவர் வாழ்க்கையிலிருந்தே ஐந்தாறு செயல்களைத் தேர்ந்தெடுங்கள்: தரையில் உட்கார்ந்து எழுதல், தண்ணீர்க் குடம் தூக்குதல், பேருந்துப் படியேறுதல், பேரக்குழந்தையை எடுத்தல். பிறகு தடையில்லாத ஒன்றைச் செய்யச் சொல்லிக் கவனியுங்கள். மூச்சை அடக்குகிறாரா, முதுகைப் பலகைபோல் விறைக்கிறாரா, செய்யும் முன் எதிர்பார்த்த வலிக்கும் செய்த பின் சொன்ன வலிக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைக் குறியுங்கள். எதிர்பார்த்தது 8, நேர்ந்தது 3 என்றால் அந்த இடைவெளியையே சிகிச்சையின் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளலாம்.

வேலைக்குத் திரும்புவதில் மட்டும் தயக்கம் தெரிந்தால், வாடெல் குழுவினர் 1993-இல் வெளியிட்ட 16 கூற்று அச்சம்-தவிர்ப்பு வினாப்பட்டியலின் வேலைப் பிரிவு உதவும்; அதன் உச்சம் 42.

அறுவைக்கு முன் ஒருமுறை, ஆறாம் வாரத்தில் ஒருமுறை, மூன்றாம் மாதத்தில் ஒருமுறை என அளப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒவ்வொரு முறையும் அதே வடிவம், அதே மொழிபெயர்ப்பு, இயன்றால் அதே நபர் என்று வைத்துக்கொண்டு, மதிப்பெண்ணுக்கு நேராக அன்றைய தடைகளையும் அன்றைய வலி அளவையும் ஒரே வரியில் எழுதுங்கள்.